சிங்குக்குக் கீழே ஒரு பழைய குழாய்

(எமது வானொலியின் சனிக்கிழமைக் காலை நிகழ்ச்சியில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



சென்ற முறை நான் இந்த ஒலிவாங்கிக்கு முன்னால் வந்து, குளிர் தொடங்க முன்னர் வீட்டுக்கு வெளியே இருக்கிற தண்ணீர்க் குழாயை எப்படி மூடி வைப்பது என்று கதைத்தேன். அதற்குப் பிறகு ஒருவர் கோயிலில் என்னைக் கண்டு, "அண்ணை, உது எல்லாருக்கும் தெரிஞ்ச விசயம்தானே, தெரியாதது ஏதும் சொல்லுங்கோவன்" என்றார். சரி. இன்றைக்குக் குளியலறைச் சிங்குக்குக் கீழே வளைந்து கிடக்கிறதே ஒரு கழிவுக் குழாய், அதைப் பற்றிச் சொல்லப் போகிறேன். சிரிக்க வேண்டாம். அந்தக் குழாய் எனக்கு இந்த வருடம் நல்ல பாடம் படிப்பித்தது. அதில் பாதி குழாயைப் பற்றியது, மீதி என்னைப் பற்றியது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பிளம்பர் இல்லை. முப்பது வருடத்துக்கு மேல் தொழிற்சாலையில் மெசினுக்குப் பக்கத்தில் நின்ற ஆள். ஸ்பனர் பிடிக்கத் தெரியும், அவ்வளவுதான்.

ஊரில் எங்களுக்கு இந்தத் தொல்லை இருக்கவில்லை. கிணற்றடியில் குளித்த தண்ணீர் வாய்க்காலில் ஓடி வாழைக்குப் போகும். முகம் கழுவினால் கமுகுக்குப் போகும். தண்ணீர் எங்கே போகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். இங்கே தண்ணீர் ஒரு ஓட்டைக்குள் இறங்கி மறைந்து விடுகிறது. பிறகு அது எங்கே போகிறதென்று நாங்கள் யோசிப்பதே இல்லை, அது திரும்பி வரும்வரை.

ஸ்காபரோவில் எங்களுடையது 1958ஆம் ஆண்டு கட்டிய ஒரு சின்ன வீடு. எங்கட சனம் வாங்கியிருக்கிற பல வீடுகள் அந்தக் காலத்தவைதான். கீழே பேஸ்மென்ற். அதில் தனிக் குசினி, தனிக் குளியலறை. இரண்டு வருடத்துக்கு முன்னர் ஒரு தாயும் இரண்டு பிள்ளைகளும் அதில் வாடகைக்கு வந்தார்கள். வன்னியில் இருந்து இடம்பெயர்ந்து, 2009இல் மெனிக் பாம் முகாமில் கிடந்து, பிறகு நாடு நாடாய் அலைந்து இங்கே வந்த குடும்பம். மகனுக்குப் பதினாலு வயது, மகளுக்கு ஆறு. அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. தாய் இரவில் அலுவலகங்கள் துப்புரவாக்கும் வேலைக்குப் போகிறவ. சத்தம் சலார் இல்லாத சனம். மாதம் முதலாம் திகதி விடிய, வாடகைக் காசு கடித உறையில் போட்டுக் கதவுக்குக் கீழால் வந்துவிடும்.

இந்த வருடம் தைப்பொங்கல் அன்று அவர்களை மேலே சாப்பிடக் கூப்பிட்டோம். சாப்பிட்டு முடிய, சின்னவள் கை கழுவக் குளியலறைக்குப் போனாள். போனவள் சர்க்கரைப் பொங்கல் பிசுபிசுத்த கையோடு அப்படியே திரும்பி வந்து என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"மாமா, உங்கட சிங்கில தண்ணி விடலாமோ?"

"ஏன் பிள்ளை, கீழ விடுறேல்லையோ?"

"கீழ விடக் கூடாது. நாங்கள் பாத் ரப்புக்கதான் பல்லுத் தீட்டுறனாங்கள்."

தாயின் முகம் மாறிப் போய்விட்டது. "சும்மா இரு பிள்ளை" என்று அவளின் கையைப் பிடித்து இழுத்தா.

நான் ரோச் லைற்றை எடுத்துக்கொண்டு கீழே போனேன். சிங்குக்குக் கீழே இருக்கிற கபேட் கதவைத் திறந்தால், உள்ளே ஒரு பிளாஸ்ரிக் பேசின், அதில் அரைவாசிக்கு மங்கல் தண்ணீர். குழாய் வளைகிற இடத்தில் முதலில் பொலித்தீன், அதற்கு மேல் சீலைத் துணி, அதற்கு மேல் சைக்கிள் ரியூப்பை நீட்டுக்குக் கிழித்து இறுக்கிச் சுற்றிக் கட்டியிருந்தது. அந்தக் கட்டைப் பார்த்ததும் எனக்கு ஊர் ஞாபகம்தான் வந்தது. பொருளாதாரத் தடைக் காலத்தில் எங்கட சனம் எதைத்தான் சைக்கிள் ரியூப்பால் கட்டவில்லை? டைனமோவைச் சுற்றி றேடியோ கேட்ட சனம் அல்லவா? கட்டு நல்ல கட்டுத்தான். ஆனால் அடிப்பலகை ஊறி, வீங்கி, மூலையில் கறுப்பாய்ப் பூஞ்சணம் பிடித்திருந்தது.

உண்மையைச் சொல்லுகிறேன் நேயர்களே, எனக்கு முதலில் வந்தது கோபம்தான். அந்தக் கபேட் புதிதாய்ப் போட்டு ஆறு வருடம்தான். "எவ்வளவு நாளா உப்பிடி? ஏன் எனக்குச் சொல்லேல்லை?" என்று கொஞ்சம் உரத்துத்தான் கேட்டேன். தாய் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றா. மகன்தான் பதில் சொன்னான்.

"நாலு மாசம் மாமா. நீங்கள் வீட்டை விட்டு எழுப்பிப் போடுவீங்கள் எண்டு அம்மா பயந்தவ."

நான் ஒன்றும் பேசாமல் மேலே வந்துவிட்டேன். இரவு மனிசியிடம் முறைப்பட்டேன், "நான் என்ன அப்பிடிப்பட்ட ஆளே?" என்று. அவ பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னா, "இஞ்சருங்கோ, அவை குடிவந்த அண்டைக்கு நீங்கள் என்ன சொன்னனீங்கள் எண்டு ஞாபகம் இருக்கோ? விரல் மடிச்சு மடிச்சுச் சொன்னனீங்கள். சுவரில ஆணி அடிக்கக் கூடாது. இரவில உடுப்புத் தோய்க்கக் கூடாது. பாத்றூமில ஏதும் உடைஞ்சா உங்கட கணக்கு."

உங்கட கணக்கு. அந்த இரண்டு சொல்லும் என்னுடையவை அல்ல. 1990இல் நாங்கள் இருந்த பேஸ்மென்ற் வீட்டுக்காரர் எனக்குச் சொன்னவை. அவரும் எங்கட ஆள்தான். அப்போது மனிசி மூத்த பிள்ளை வயிற்றில். அந்த வீட்டிலும் குளியலறைச் சிங் ஒழுகியது. நானும் சொல்லவில்லை. துணி கட்டினேன், வாளி வைத்தேன். கடைசியில் பலகை உக்கி, அவர் கண்டு, முன்பணமாய்க் கொடுத்த காசைத் திருத்தச் செலவு என்று வைத்துக்கொண்டு, தை மாதக் குளிருக்குள் எங்களை எழும்பச் சொன்னார். அப்படிக் காசை வைத்துக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லை என்று பிறகுதான் தெரிந்தது. தெரிந்திருந்தாலும் அன்றைக்கு யாரிடம் போய்க் கேட்டிருப்பேன்? அவரின் சொல்லை அப்படியே முப்பது வருடம் நெஞ்சுக்குள் வைத்திருந்து, இன்னொரு அகதிக் குடும்பத்துக்கு நான் சொல்லியிருக்கிறேன். அன்றிரவு எனக்குச் சரியாக நித்திரை இல்லை.

அடுத்த சனிக்கிழமை குறடு, ஸ்பனர் எல்லாம் எடுத்துக்கொண்டு கீழே போனேன். தம்பியைக் கூப்பிட்டு ரோச் பிடிக்கச் சொன்னேன். இனிக் குழாய் வேலைக்கு வருவோம்.

சிங்கில் இருந்து நேரே இறங்குகிற துண்டு ஒன்று. அதற்குக் கீழே தூண்டில் மாதிரி வளைந்த துண்டு ஒன்று. பிறகு சுவருக்குள் போகிற துண்டு. இவற்றை மூன்று இடத்தில் நட்டுகள் பூட்டி வைத்திருக்கின்றன. அந்த வளைவு சும்மா வளைக்கப்பட்டதல்ல. அதற்குள் எந்த நேரமும் இரண்டு அங்குலம் அளவு தண்ணீர் நிற்கும். அந்தத் தண்ணீர்தான் கதவு. மலக்குழாயில் இருந்து வருகிற நாற்றமும் வாயுவும் அதைத் தாண்டி வீட்டுக்குள் வர முடியாது. இந்த வளைவை 1775இல் லண்டனில் அலெக்சாண்டர் கமிங் என்கிற ஸ்கொட்லாந்துக்காரர் தன் கழிப்பறைக்கான காப்புரிமையில் காட்டியிருக்கிறார். அவர் ஒரு மணிக்கூடு செய்கிறவர். மணிக்கூட்டுக்காரருக்கு இதில் என்ன வேலை என்று கேட்காதீர்கள், நான் தொழிற்சாலைக்காரன், நான் இங்கே வந்து கதைக்கவில்லையா?

இந்த இரண்டு அங்குலத் தண்ணீர் எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சங்கதி. 2003இல் சார்ஸ் நோய் வந்தபோது எங்கட ரொறன்ரோவும் நல்லாய் அடிபட்டது, மறந்திருக்க மாட்டீர்கள். அதே வருடம் ஹொங்கொங்கில் அமோய் கார்டன்ஸ் என்கிற மாடிக் குடியிருப்பில் 300க்கு மேற்பட்டவர்களுக்கு அந்த நோய் தொற்றியது. விசாரித்துப் பார்த்த ஹொங்கொங் சுகாதாரத் துறை சொன்ன காரணங்களில் ஒன்று, குளியலறை நிலத்தில் இருக்கிற தண்ணீர் போகும் ஓட்டைகளின் வளைவு காய்ந்து போய் இருந்தது என்பது. நிலத்தைத் தண்ணீர் ஊற்றிக் கழுவாமல் துணியால் துடைத்து வந்ததால் வளைவில் தண்ணீர் இல்லை. கழிவுக் குழாயில் இருந்த கிருமி அந்த வழியால் வீட்டுக்குள் வர முடிந்தது. உங்கள் பேஸ்மென்றிலும் சூடாக்கும் மெசினுக்குப் பக்கத்தில் நிலத்தில் ஒரு ஓட்டை இருக்கும், போய்ப் பாருங்கள். குளிர்காலக் காய்ந்த காற்றில் அதற்குள் தண்ணீர் வற்றிவிடும். மாதம் ஒருமுறை ஒரு ஜக் தண்ணீர் ஊற்றுங்கள். பேஸ்மென்றில் காரணம் தெரியாத நாற்றம் என்று முறைப்படுகிற பாதிப் பேருக்கு மருந்து அந்த ஒரு ஜக் தண்ணீர்தான் என்பது என் எண்ணம்.

சரி, கீழே போனேன் என்றேன். கட்டை அவிழ்க்க முதல் தாயிடம் ஒரு கேள்வி கேட்டேன். "தங்கச்சி, இதுக்குள்ள அடைப்பெடுக்கிற மருந்து ஏதும் ஊத்தினனீங்களோ?" அவ தயங்கித் தயங்கி, "ஓம் அண்ணை, புரட்டாசியில ஒருக்கா அடைச்சது, கடையில வாங்கி ரண்டு போத்தல் ஊத்தினன். அதுக்குப் பிறகுதான் ஒழுகத் தொடங்கினது. நான்தான் பழுதாக்கிப் போட்டன்" என்றா. அதுதான் அவவின் நெஞ்சில் நாலு மாதமாய் இருந்த பாரம்.

இதை ஏன் கேட்க வேண்டும் என்றால், அந்த மருந்துகளில் பல கடுமையான காரம், சில கந்தக அமிலம். ஊற்றி அடைப்பு எடுபடாவிட்டால் அது வளைவுக்குள் அப்படியே நிற்கும். பிறகு தெரியாமல் நீங்கள் கீழே படுத்துக்கொண்டு நட்டைக் கழற்றினால் அது உங்கள் முகத்தில்தான் விழும். கண் போய்விடும். ஒன்றை ஊற்றி, சரிவராவிட்டால் இன்னொன்றை அதற்கு மேல் ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அமிலத்தோடு பிளீச் சேர்ந்தால் குளோரீன் வாயு கிளம்பும், சின்னக் குளியலறையில் அது ஆளையே கொல்லும். ஆகவே ஊற்றியதை மறைக்க வேண்டாம், திருத்த வருகிறவருக்குச் சொல்லிவிடுங்கள். எனக்குத் தெரிந்த அளவில் குளியலறைச் சிங்குக்கு மருந்தே தேவையில்லை. அடைப்பது தலைமயிரும் சவர்க்காரமும் தேங்காய் எண்ணெயும். வளைவைக் கழற்றிக் கொட்டினால் முடிந்தது. தோட்டுச் சுரை விழுந்தாலும் அப்படித்தான், உடனே தண்ணீரை நிற்பாட்டிவிட்டு வளைவைக் கழற்றிப் பாருங்கள், பெரும்பாலும் அதற்குள் கிடக்கும்.

நான் கையுறையும் கண்ணுக்குக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, கீழே வாளியை வைத்து, கட்டை வெட்டி எடுத்தேன். முதல் நட்டுக்கு ஸ்பனரைப் போட்டுத் திருகினேன். அசையவில்லை. இன்னும் பலமாய்த் திருகினேன். தம்பி மெல்லமாய், "மாமா, நீங்கள் இறுக்கிறீங்கள் போல கிடக்கு" என்றான். அவன் சொன்னது சரி. நட்டை மேலேயிருந்து பார்த்தால் மணிக்கூட்டு முள்ளுக்கு எதிர்ப்பக்கம் திருப்பினால் கழரும். ஆனால் நான் மல்லாக்கப் படுத்துக் கீழேயிருந்து பார்க்கிறேன். அப்போது எல்லாம் தலைகீழ். நிமிர்ந்து உட்கார்ந்து, மேலேயிருந்து பார்ப்பதாய் நினைத்துக்கொண்டு கையை ஒருமுறை காற்றில் சுழற்றிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை.

மேல் நட்டு கழன்றது. வளைவு கையோடு வந்தது, வந்த வேகத்தில் அடிப்பகுதி உடைந்து வாளிக்குள் விழுந்தது. அதை எடுத்துத் தம்பிக்குக் காட்டினேன். வெளியே வெள்ளி போல் மினுங்குகிற பித்தளைக் குழாய். உள்ளே அரித்து அரித்துக் கடதாசி போல் மெல்லிசாகி, பச்சை பிடித்து, ஊசி ஓட்டைகள். "தங்கச்சி, இஞ்ச வந்து பாருங்கோ. இது வீடு கட்டேக்க போட்ட குழாய். என்னை விட மூத்தது. நீங்கள் மருந்து ஊத்தாட்டிலும் இது இந்த வருசமோ அடுத்த வருசமோ போயிருக்கும்" என்றேன். அவ அந்தத் துண்டைக் கையில் வாங்கி, வெளிச்சத்துக்குப் பிடித்து, ஓட்டைகளைப் பார்த்துக்கொண்டு கனநேரம் நின்றா.

பிறகுதான் உண்மையான சண்டை. சுவரோடு இருக்கிற நட்டு. அறுபது வருடத்துக்கு மேல் கழற்றாத நட்டு, குழாயோடு ஒன்றாய்ப் பிடித்துவிட்டது. இந்த இடத்தில்தான் கனபேர் பிழை விடுகிறார்கள், நானும் விடப் பார்த்தேன். பெரிய றெஞ்சைப் போட்டு உடம்பைச் சாய்த்து இழுத்தபோது நட்டுத் திரும்பவில்லை, சுவருக்குள் இருந்து வருகிற குழாய்தான் சேர்ந்து திரும்பியது. உடனே கையை எடுத்துவிட்டேன். அந்தக் குழாய் சுவருக்குள்ளே மூட்டுக் கழன்றாலோ வெடித்தாலோ சுவரை உடைக்க வேண்டி வரும். இருபது டொலர் வேலை இரண்டாயிரம் டொலர் வேலையாகும். சுத்தியலால் அடிப்பதும் அப்படித்தான், அடி நட்டோடு நிற்காது, உள்ளே போகும்.

செய்ய வேண்டியது இது. சுவர்ப் பக்கக் குழாயை ஒரு றெஞ்சால் அசையாமல் பிடிக்க வேண்டும், இன்னொன்றால் நட்டைத் திருப்ப வேண்டும். இரண்டு பேர் வேண்டும். அதற்கு முன் துரு இளக்குகிற எண்ணெயைப் புரி தெரிகிற இடத்தில் அடித்துவிட்டுப் பொறுக்க வேண்டும். பொறுக்கிறதென்றால் ஐந்து நிமிடம் இல்லை, ஒரு இரவு. நாங்கள் எண்ணெய் அடித்துவிட்டு, சுவர்க் குழாயின் வாயைப் பழந்துணியால் அடைத்துவிட்டு மேலே வந்தோம். வளைவு இல்லாதபோது நாற்றம் தடுக்கத் தண்ணீர்க் கதவு இல்லை என்பதை மறக்கக் கூடாது. இன்னொன்றையும் மறக்கக் கூடாது. வாளியில் பிடித்த ஊத்தைத் தண்ணீரை எடுத்துப் பழக்கதோசத்தில் அதே சிங்குக்குள் ஊற்றுகிறவர்கள் உண்டு. குழாயில்லாத சிங்குக்குள்! யாரென்று கேட்காதீர்கள். 1990களில் நடந்தது, மனிசி இன்னும் சொல்லிச் சிரிப்பா.

ஞாயிறு விடியவும் நட்டு அசையவில்லை. தம்பி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நட்டின் மூலைகள் தேய்ந்ததுதான் மிச்சம். அதற்கு மேல் பலம் பாவிக்கக் கூடாது, வெட்டத்தான் வேண்டும். ஹக்சோ வாளின் பிளேட்டை மட்டும் கழற்றி, ஒரு நுனியில் துணியைச் சுற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, நட்டின் குறுக்காய்ச் சாய்வாக அரிந்தேன். முழுக்க அரியக் கூடாது. நட்டுக்குக் கீழே சுவர்க் குழாயின் புரி இருக்கிறது, அது வெட்டுப்பட்டால் புது நட்டும் பிடிக்காது. புரியைத் தொட ஒரு மயிரிழை இருக்கும்போது நிற்பாட்டிவிட்டு, வெட்டின வாய்க்குள் தட்டையான ஸ்குறூ டிறைவரை விட்டு முறுக்கினேன். "டக்" என்று ஒரு சத்தம். நட்டு இரண்டாய்ப் பிளந்துவிட்டது. தம்பி ரோச்சைப் போட்டுவிட்டுக் கை தட்டினான். அரிவதற்கு நாற்பது நிமிடம், பிளப்பதற்கு ஒரு வினாடி.

புரியைக் கம்பித் தூரிகையால் தேய்த்துத் துப்புரவாக்கினோம். கடையில் புதுப் பிளாஸ்ரிக் வளைவு வாங்கப் போகும்போது பழைய துண்டுகளையும் பிளந்த நட்டையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள், இது என் அனுபவப் புத்தி. ஏனென்றால் குளியலறைச் சிங்கின் வளைவு ஒன்றேகால் அங்குலம். சுவரில் இருந்து வருகிற குழாய் பல வீடுகளில் ஒன்றரை அங்குலம். எங்களதும் அப்படித்தான். இரண்டையும் பொருத்த ஒரு பக்கம் பெரிது ஒரு பக்கம் சின்னதான வொசர் ஒன்று விற்கிறது. அது தெரியாமல் நான் முதலில் வெறும் வளைவோடு வந்து, திரும்பவும் கடைக்கு ஓடினேன். எல்லாம் சேர்த்து இருபது டொலருக்குள்தான்.

பூட்டும்போது வொசரின் சரிவான பக்கம் மூட்டுக்குள் பார்க்க வேண்டும், தட்டையான பக்கம் நட்டைப் பார்க்க வேண்டும். மாறிப் போட்டால் எவ்வளவு இறுக்கினாலும் ஒழுகும். தண்ணீரைத் தடுப்பது வொசர்தான், நட்டின் புரி இல்லை. ஆகவே புரியில் வெள்ளை ரேப் சுற்றத் தேவையில்லை. பிளாஸ்ரிக் நட்டைக் கையால் இறுக்கிவிட்டு, றெஞ்சால் கால் சுற்று. அதற்கு மேல் போனால் வெடிக்கும். முதலில் எல்லா நட்டையும் தளர்வாய்ப் பூட்டி, குழாய்கள் ஒன்றையொன்று இழுக்காமல் சரியாய் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கடைசியில் இறுக்க வேண்டும். இந்தக் கடைசி வேலையைத் தம்பிதான் செய்தான். அவனுக்கு என்னை விட நிதானம்.

சுவருக்குள் இருக்கிற குழாயே உக்கிப் போயிருந்தால் இது எங்கள் கைக்கு மீறிய வேலை, உரிமம் உள்ள பிளம்பரைக் கூப்பிடுங்கள்.

வேலை நடந்துகொண்டிருக்கும்போது நான் தாயிடம் சொன்னதை உங்களிடமும் சொல்லிவிடுகிறேன், எங்களில் கனபேர் வீட்டுக்காரராயும் இருக்கிறோம், வாடகைக்கும் இருக்கிறோம். ஒன்ராறியோவில் 2006ஆம் ஆண்டின் குடியிருப்பு வாடகைச் சட்டப்படி வீட்டைத் திருத்தி நல்ல நிலையில் வைத்திருப்பது வீட்டுக்காரரின் பொறுப்பு. குடிவரும்போதே பழுது தெரிந்திருந்தாலும் அது அவர் பொறுப்புத்தான். குடியிருப்பவர் வேண்டுமென்றோ கவனயீனமாகவோ உடைத்தால் மட்டும் அவர் கணக்கு. கடைசி மாத வாடகையை முன்பணமாய் வாங்கலாம், உடைவுக்கென்று தனிப் பணம் வாங்கக் கூடாது. பழுதைச் சொன்னதற்காக எழுப்ப முடியாது. வீட்டுக்காரர் கேட்காவிட்டால் ரொறன்ரோவில் 311க்கு அழைத்து நகரசபையிடம் முறையிடலாம். தனிக் குசினியும் குளியலறையும் உள்ள பேஸ்மென்றுக்கும் இது பொருந்தும். அகதி வழக்குக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

இதை ஒரு வீட்டுக்காரன் தன் வாயால் சொல்லுகிறேன். மனிசி பக்கத்தில் நின்று, "அந்த 'உங்கட கணக்கு' எண்டதையும் எடுத்துப் போடுங்கோ" என்றா. எடுத்தேன். "தங்கச்சி, அண்டைக்கு நான் சொன்னது பிழை. பாத்றூமில ஏதும் பழுதெண்டா அது என்ர கணக்கு" என்றேன். அவ ஒன்றும் சொல்லவில்லை. தேத்தண்ணி போட்டுக்கொண்டு வந்தா.

சோதித்துப் பார்ப்பது எப்படி என்றால், குழாயைத் திறந்து விட்டுப் பார்ப்பது போதாது. சிங்கின் மூடியைப் போட்டு விளிம்பு மட்டும் தண்ணீர் நிரப்பி, ஒரேயடியாய்த் திறந்து விடுங்கள். அப்போதுதான் குழாய்க்குள் முழுப் பாரமும் இறங்கும். மூட்டுகளுக்குக் கீழே காய்ந்த ரிசுத் தாளைப் பிடித்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத ஈரமும் தாளில் தெரியும். நாங்கள் மூன்றுமுறை நிரப்பித் திறந்தோம். மூன்று மூட்டிலும் தாள் காய்ந்தபடி.

சின்னவள் பல்லுத் தீட்டுகிற பிரசைக் கையில் வைத்துக்கொண்டு கதவடியில் நின்றாள். பின்னேரம் மூன்று மணி. ஸ்ரூலை இழுத்துப் போட்டு ஏறி நின்று, கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து, தண்ணீரைப் பூட்டாமல் கனநேரம் தீட்டினாள். தாய், "தண்ணியப் பூட்டு பிள்ளை" என்று சொல்ல வாயெடுத்தா. நான் "விடுங்கோ தங்கச்சி" என்றேன்.

அடுத்த கிழமை இரவு எங்கள் கதவில் தட்டுச் சத்தம். திறந்தால் அவ நிற்கிறா, வேலைக்குப் போகிற சட்டையோடு.

"அண்ணை, குறை நினைக்காதையுங்கோ. பிள்ளையளின்ர அறை ஜன்னல் வடிவாப் பூட்டுதில்லை. மார்கழியில இருந்து குளிர்க் காத்து வருது."

"மார்கழியில இருந்தோ?" என்றேன். அவ கொஞ்சம் சிரித்தா. சனிக்கிழமை நானும் தம்பியும் அதைத்தான் பார்க்கப் போகிறோம்.